பனியில் நனையும் நட்சத்திரம், முளைக்காத ராகி: கிறிஸ்துமஸ் அலங்காரக் கோளாறுகளும் தீர்வுகளும்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கிறிஸ்துமஸ் என்பது மார்கழி 10 வாக்கில் வருகிற பண்டிகை. பகலில் நல்ல வெயில் இருக்கும். ராத்திரி எட்டு ஒன்பது மணிக்கெல்லாம் பனி இறங்கிவிடும். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் இருப்பதால், அங்கிருந்து தளி, தேன்கனிக்கோட்டை வரைக்கும் விடிந்த பிறகும் கூரை சொட்டிக்கொண்டிருக்கும். கடையில் விற்கிற அலங்காரச் சாமான்களைச் செய்கிற யாரும் இதை நினைத்துச் செய்வதில்லை. காகித நட்சத்திரம் தொங்கிப்போவது, சீரியல் செட் பாதியில் அணைவது, சுவரில் ஒட்டிய தோரணம் காலையில் தரையில் கிடப்பது எல்லாம் பெரும்பாலும் பனியின் வேலை. மீதிக் கோளாறுகள், 24-ஆம் தேதி சாயங்காலம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிக்கப் பார்ப்பதால் வருகிறவை.

இதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் எது மக்கர் பண்ணுகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று மட்டும்: ஒயரைத் தொடுகிற எந்த வேலைக்கும் முன்னால் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். ஏன் என்பது கீழே "அணைத்த பிறகும் மங்கலாக எரிகிறது" என்ற பகுதியில் வருகிறது.

நட்சத்திரத்தின் நடுவில் மட்டும் வெளிச்சம், முனைகள் இருட்டு

எல்.இ.டி. பல்புக்கு மாறிய பிறகு வந்த கோளாறு இது. பழைய குண்டு பல்பில் இழை கண்ணாடிக்கு நடுவில் இருந்தது, வெளிச்சம் எல்லாப் பக்கமும் போனது. சாதாரண எல்.இ.டி. பல்பில் பாதி உடம்பு பிளாஸ்டிக். வெளிச்சம் முன்பக்கம்தான் அதிகம் போகும். ஹோல்டரைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் கீழ் முனைகள் பளிச்சென்று இருக்கும், மேல் முனை செத்துப்போய்த் தெரியும்.

கடையில் ஃபிலமென்ட் எல்.இ.டி. என்று கேட்டு வாங்குங்கள். பார்க்கப் பழைய பல்பு மாதிரியே கண்ணாடிக்குள் மஞ்சள் குச்சிகள் இருக்கும். வெளிச்சம் சுற்றிலும் பரவும். அது கிடைக்காவிட்டால் இருக்கிற பல்பையே நடுமையத்துக்குக் கொஞ்சம் மேலே இழுத்துக் கட்டுங்கள், ஓரளவு சரியாகும்.

வெளிச்சம் போதவில்லை என்று மட்டும் பரணில் கிடக்கும் 60 வாட் குண்டு பல்பை எடுத்து மாட்டாதீர்கள். காகிதம் முதலில் பழுப்பாகும், அப்புறம் கருகும். செலவும் வேறு. ராத்திரி 12 மணி நேரம் எரியவிட்டால் 30 நாளில் 60 வாட் பல்பு 21 யூனிட்டுக்கு மேல் இழுக்கும். 7 வாட் எல்.இ.டி. இரண்டரை யூனிட்டோடு நிற்கும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற கணக்கில் மாதத்தை ஓட்டுகிற வீட்டுக்கு இந்த வித்தியாசம் பெரிது.

நட்சத்திரம் நனைந்து தொங்குகிறது, அல்லது காற்றில் சுற்றிக்கொண்டே இருக்கிறது

டிசம்பர் 1-ஆம் தேதியே நட்சத்திரம் கட்டுகிற வழக்கம் நம் பக்கம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை அப்போது முழுதாக விடைபெற்றிருக்காது. காகித நட்சத்திரத்தைத் திறந்தவெளியில் கட்டினால் முதல் தூறலிலேயே பசை விட்டுவிடும். சன்ஷேடுக்கு அடியில் ஒரு முழம் உள்ளே தள்ளிக் கட்டினாலே பாதி ஆயுள் கூடும். மொட்டை மாடியில்தான் கட்டவேண்டும், தெருமுனையிலிருந்து தெரியவேண்டும் என்றால் காகிதத்தை விட்டுவிட்டு பிளாஸ்டிக் தாளில் செய்ததை வாங்குங்கள். காகிதத்துக்கு மேல் பாலித்தீன் பையைக் கவிழ்த்து மூடுவதானால் அடிப்பக்கத்தைக் கட்டக் கூடாது. உள்ளே புழுங்கி, வெளியில் விழுகிற பனியைவிட மோசமாக நனைத்துவிடும்.

ஒயர் நட்சத்திரத்துக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் அரை அடி கீழே தொய்வாக இறங்கி, மறுபடி மேலே ஏறிப் போகட்டும். ஒயர் வழியாக வழிகிற தண்ணீர் அந்தத் தொய்விலேயே சொட்டிவிடும், ஹோல்டருக்குள் போகாது. தூணில் சர்வீஸ் ஒயர் இழுக்கிற லைன்மேன் பண்ணுகிற அதே வேலைதான்.

சுற்றுவது சின்ன விஷயம். ஒரே கயிற்றில் தொங்குகிற எதுவும் சுற்றும். கீழ் முனைகள் இரண்டிலும் நைலான் நூல் கட்டி இரண்டு பக்கமும் இழுத்துவிடுங்கள்.

சீரியல் செட்டில் ஒரு பகுதி மட்டும் எரியவில்லை

வீட்டுக்கு வருவது 230 வோல்ட். ஒரு சிவப்பு எல்.இ.டி.க்கு 2 வோல்ட் சுமாரும், நீலம், பச்சை, வெள்ளைக்கு 3 வோல்ட் சுமாரும் போதும். அதனால் பல விளக்குகளை ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்து, மிச்சத்தை ரெசிஸ்டரில் விட்டு, அப்படிச் சில கோவைகளைச் சேர்த்து ஒரு செட் ஆக்குகிறார்கள். ஒரு கோவையில் ஒரே ஒரு விளக்கு விட்டுப்போனாலும் அந்தக் கோவை முழுக்க அணையும், மற்றவை எரியும். ஆகவே ஒரு பகுதி இருட்டாக இருந்தால் மொத்த செட்டும் கெட்டுவிடவில்லை, எங்கோ ஓர் இடத்தில் அறுந்திருக்கிறது என்று அர்த்தம்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அணைந்த பகுதியை மட்டும் பகல் வெளிச்சத்தில் விரல்களுக்கு நடுவே ஓட்டிப் பாருங்கள். எல்.இ.டி.யின் இரண்டு கால்களும் ஒயரோடு சேரும் இடத்தில் துரு ஏறியிருக்கும். வாசலில் பனியில் கிடந்த செட் என்றால் இதற்குத்தான் அதிக வாய்ப்பு. அடுத்த சந்தேகம் எலி. பரணில் பதினொரு மாதம் கிடந்த செட்டில் ஒயரின் மேல்தோல் மட்டும் கடிபட்டிருக்கும், சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. கெட்ட விளக்கை வெட்டிவிட்டு, பழைய செட்டிலிருந்து அதே நிற விளக்கை எடுத்துச் சால்டர் வைக்கலாம். விளக்கை எடுத்துவிட்டு ஒயரை நேராக முறுக்கிவிடுகிற குறுக்குவழி வேண்டாம். ஒன்றிரண்டுக்குப் பரவாயில்லை, அதையே பழக்கமாக்கினால் மிச்ச விளக்குகள் மேல் பாரம் கூடி ஒவ்வொன்றாகப் போகும்.

ஒரு சாயங்காலத்துக்கு மேல் இதில் செலவழிக்காதீர்கள் என்பது என் கருத்து. அலங்காரத்திலேயே அதிகம் படுத்துவதும் குறைவாகத் திருப்பித் தருவதும் சீரியல் செட்தான். சரிசெய்து மாட்டி முடித்தால் பக்கத்து வீட்டில் இருப்பது போலவே நம் வீட்டிலும் இருக்கும், அவ்வளவுதான்.

அணைத்த பிறகும் மங்கலாக எரிகிறது

"பேய் வெளிச்சம்" என்று பிள்ளைகள் கும்மாளம் போடுவார்கள். பெரியவர்கள் கவனிக்க வேண்டியது இது. சுவிட்ச், மின்சாரம் வருகிற ஃபேஸ் லைனில் இல்லாமல், அது திரும்பிப் போகிற நியூட்ரல் லைனில் இணைக்கப்பட்டிருந்தால், அணைத்த பிறகும் செட்டுக்குள் மின்சாரம் நின்றுகொண்டுதான் இருக்கும். எல்.இ.டி.க்கு மிகக் கொஞ்சம் கசிவே போதும் என்பதால் மினுக்கிக் காட்டிக் கொடுக்கிறது. குண்டு பல்பு காலத்தில் இது தெரியாமலே இருந்தது. பிளக்கைக் கழற்றி, சுவிட்ச் அணைந்திருக்கும்போது சாக்கெட் ஓட்டைகளில் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். எரிந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றச் சொல்லுங்கள். டெஸ்டர் எரியாமல் விளக்கு மட்டும் மினுக்கினால் பக்கத்தில் ஓடும் நீள ஒயரிலிருந்து வருகிற தூண்டலாக இருக்கலாம், அதனால் பயமில்லை. எது என்று தெரியாதவரை சுவிட்சை நம்பாமல் பிளக்கைப் பிடுங்கச் சொன்னது இதனால்தான்.

ராத்திரி ஆனால் மெயின் விழுந்துவிடுகிறது

பகலில் ஒழுங்காக இருந்து, பனி இறங்கியதும் வீடு முழுக்க இருட்டானால் ஆர்.சி.சி.பி., அதாவது கசிவு வந்தால் தானாகவே மின்சாரத்தைத் துண்டிக்கிற சுவிட்ச், தன் வேலையைச் செய்கிறது. வீடுகளில் போடுவது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழுகிற வகை. வெளியில் டேப் சுற்றிய ஜாயின்ட் நனைந்து, சுவர் வழியாகவோ இரும்புக் கிராதி வழியாகவோ கசிந்தால் அந்த அளவை எளிதில் தொட்டுவிடும். வெளி செட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எதை மாட்டும்போது விழுகிறதோ அதுதான் குற்றவாளி. அதன் ஜாயின்ட்டை வீட்டுக்குள் வரும்படி மாற்றிப் போடுங்கள். அடிக்கடி விழுகிறதே என்று ஆர்.சி.சி.பி.யையே கழற்றி நேர் இணைப்பு கொடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

கரண்ட் போய் வந்தால் பைத்தியம் பிடித்த மாதிரி மின்னுகிறது

சீரியல் செட் ஒயரில், மின்னும் விதத்தை மாற்றுகிற சின்னப் பெட்டி ஒன்று இருக்கும். அதற்கு நினைவு இல்லை. கரண்ட் வந்ததும் முதல் ஆட்டத்துக்கே திரும்பிவிடும். நிலையாக எரியும் செட் என்று சொல்லி, பெட்டி இல்லாததாக வாங்குங்கள்.

குடிலைச் சுற்றிப் பச்சை வரவில்லை

இப்போதுதான் உருப்படியான விஷயத்துக்கு வருகிறோம். இயேசு பிறந்த தொழுவமாக வீட்டில் அமைக்கிற குடிலைச் சுற்றிப் புல்தரை வேண்டும் என்று பிளாஸ்டிக் விரிப்பு வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். நாம் இருப்பது ராகி விளைகிற மண். ஒரு பிடி ராகியைத் தட்டில் விதைத்தால் பத்து நாளில் விரல் நீளப் புல் வந்துவிடும். கோளாறு வருவது விதைக்கிற முறையில்.

முளைக்கவே இல்லை என்றால் முதலில் விதையைப் பாருங்கள். மாவு அரைக்க வாங்கிய ராகியே போதும், ஆனால் போன வருஷத்துப் பழசு வேண்டாம். இந்த அறுவடையில் வந்ததாக இருந்தால் நல்லது. ஒரு ராத்திரி ஊறவைத்து, தண்ணீரை வடித்து, ஈரத்துணியில் மூட்டை கட்டி ஒரு நாள் வையுங்கள். வெள்ளையாக மூக்கு விட்டதும் தட்டில் மணல் கலந்த மண்ணையோ தேங்காய் நார்த்தூளையோ அரை அங்குலம் பரப்பி அதன்மேல் தூவுங்கள். மண்ணைப் போட்டு மூட வேண்டாம். ஈரத்துணியால் இரண்டு நாள் மூடிவைத்து, பிறகு வெளிச்சத்துக்கு எடுங்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் டிசம்பர் 14 வாக்கில் விதைத்தால் சரியாக இருக்கும். ஓசூர், தளி பக்கம் குளிரில் மெதுவாக வளரும் என்பதால் மூன்று நாள் முந்திக்கொள்ளுங்கள்.

வெளிர் மஞ்சளாக நெட்டையாக வளர்ந்து சாய்ந்துவிட்டால் வெளிச்சம் போதவில்லை. மூலையிலேயே வைத்துவிட்டு 24-ஆம் தேதி பார்த்தால் இப்படித்தான் இருக்கும். பகலில் ஜன்னலோரமோ திண்ணையிலோ வைத்து எடுங்கள். இரண்டு நாள் வெயிலில் மஞ்சள் பச்சையாகிவிடும். ஒரே பக்கமாகச் சாய்ந்தால் தட்டை தினமும் அரைச் சுற்றுத் திருப்பி வையுங்கள்.

வேர்ப்பக்கம் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி படர்ந்தால் உடனே பூஞ்சணம் என்று கொட்டிவிடாதீர்கள். தண்ணீரை மென்மையாகத் தெளித்துப் பாருங்கள். பஞ்சு காணாமல்போனால் அது வேர்த்தூவி, நல்ல அறிகுறி. தெளித்த பிறகும் அப்படியே இருந்து, தானியங்களுக்கு நடுவே சிலந்தி வலை போலப் பாலம் கட்டி, புளித்த வாடையும் வந்தால்தான் பூஞ்சணம். அதற்குக் காரணம் நெருக்கமாகத் தூவியதும், தண்ணீர் தேங்கியதும். அந்த இடத்தை மட்டும் கிள்ளி எடுத்துவிட்டுக் காற்றோட்டமாக வையுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் தட்டில் திட்டுத்திட்டாக வெறுமையாக இருந்தால் எறும்போ கோழியோதான். எறும்புக்குத் தட்டைத் தண்ணீர்ப் பாத்திரத்துக்கு நடுவே செங்கல் வைத்து அதன்மேல் ஏற்றுங்கள். கோழிக்கு மருந்து கிடையாது, கதவைச் சாத்துங்கள்.

இந்த வேலையில் கிடைக்கிற சந்தோஷம் கடையில் வாங்கிய எதிலும் இல்லை. தோரணம் கட்டிய மறுநாள் பிள்ளைகளுக்கு அது பழசாகிவிடும். ராகித் தட்டை மட்டும் பத்து நாளும் காலையில் பல் தேய்க்கும் முன்னாலேயே போய்ப் பார்ப்பார்கள்.

பாறை பாறையாகத் தெரியவில்லை, கசங்கிய காகிதமாகத் தெரிகிறது

குடில் பாறைக்குச் சிமெண்ட் பையின் உள் காகிதமோ பழுப்புத் தாளோ எடுப்பது வழக்கம். அதைக் கையில் உருட்டிப் பந்தாகக் கசக்கிப் பிரிப்பதில்தான் தப்பு நடக்கிறது. அப்படிப் பண்ணினால் எல்லா இடத்திலும் ஒரே அளவுச் சுருக்கம் விழும். உண்மையான பாறையில் பெரிய வழவழப்பான பரப்பும், அங்கங்கே சில ஆழமான வெடிப்பும்தான் இருக்கும். காகிதத்தை லேசாக நனைத்து, அடியில் செங்கல், பழைய டப்பா, அட்டைப்பெட்டி ஆகியவற்றை வைத்து, பெரிய பெரிய மடிப்பாக அதன்மேல் படியவிட்டுக் காயவிடுங்கள்.

அடுத்தது நிறம். ஏனோ எல்லாரும் காவியும் பச்சையும் பூசுகிறோம். பழைய கோட்டை நிற்கிற கிருஷ்ணகிரி சையத் பாஷா மலையைக் கீழிருந்து ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். அது காவி நிறமில்லை, சாம்பல். மேலிருந்து மழைத்தண்ணீர் வழிந்த தடத்தில் கறுப்புக் கோடுகள் நீளமாக இறங்கியிருக்கும். அதையே காகிதத்தில் கொண்டுவாருங்கள். கறுப்பும் வெள்ளையும் கலந்த தண்ணீர்ச் சாம்பலை முழுக்கப் பூசி, காய்ந்ததும் கெட்டியான வெள்ளைச் சாம்பலைத் துணியில் தொட்டு மேடான இடங்களில் மட்டும் ஒற்றி எடுங்கள். தூரிகையால் தேய்க்க வேண்டாம். கடைசியாகத் தண்ணீர் கலந்த கறுப்பை உச்சியில் விட்டு, தானாக வழியவிடுங்கள். அது தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும், நாம் வரைந்தால் அந்த இயல்பு வராது. பச்சை எதுவும் பூச வேண்டாம். வெடிப்புகளில் ராகி முளையைச் செருகினால் போதும்.

விளக்கை நேர் மேலே மாட்டியிருந்தால் எவ்வளவு நன்றாகப் பூசினாலும் பாறை தட்டையாகத்தான் தெரியும். பக்கவாட்டில் ஒரு மூலையிலிருந்து வெளிச்சம் வரட்டும். நிழல் விழுந்தால்தான் மேடு பள்ளம் தெரியும்.

ஒட்டியது உரிகிறது, கரப்பான் அரிக்கிறது என்றால் மைதாப் பசையில் பிரச்சினை. பச்சையாகக் கரைத்த மைதா நிற்காது. கொதிக்கவைத்துக் கண்ணாடி மாதிரி ஆகும்வரை கிளற வேண்டும். பசையில் மயில் துத்தம் ஒரு சிட்டிகை சேர்த்தால் பூச்சி அண்டாது, பூஞ்சணமும் பிடிக்காது. புத்தகம் பைண்டு பண்ணுகிறவர்கள் செய்வது அதுதான். ஆனால் துத்தம் விஷம். கைக்குழந்தையும் ஆடு, மாடும் இருக்கிற வீட்டில் வேண்டாம்.

இடையரைவிட ஆடு பெரிதாக இருக்கிறது

வருஷத்துக்கு ஒன்றாகச் சேர்த்த சுரூபங்களில், அதாவது குடில் சிலைகளில், இது தவிர்க்க முடியாதது. பெரியதை முன்னாலும் சிறியதைப் பின்னால் உயரத்திலும் வையுங்கள். கண்ணுக்கு அது தூரமாகத் தெரியும், அளவுக் குளறுபடி மறைந்துவிடும். மாதா, சூசையப்பர், குழந்தை இயேசு ஆகிய மூன்றும் மட்டும் ஒரே செட்டாக இருந்தால் போதும்.

ஆட்களே போதவில்லை என்றால் தெருவில் கேளுங்கள். நவராத்திரிக்கு கொலு வைத்த வீட்டில் மாடு, கன்று, யானை, மளிகைக்கடைச் செட்டியார் வரைக்கும் பரணில் சும்மா இருக்கும். "அக்கா, கொலு மாட்டை ஒரு பத்து நாளைக்குக் கொடுங்க" என்று கேட்டு மறுத்தவர்களை நான் பார்த்ததில்லை. கொடுத்த வீட்டார் தங்கள் மாடு எங்கே நிற்கிறது என்று பார்க்கக் கண்டிப்பாக வருவார்கள். பெத்லகேமில் செட்டியார் எதற்கு என்று கேட்கிற உறவுக்காரர் ஒருவரும் கண்டிப்பாக இருப்பார். சத்திரத்தில் இடமில்லை என்றுதானே விவிலியமே சொல்கிறது, அவ்வளவு கூட்டத்துக்குக் கடை இருந்திருக்காதா என்று கேளுங்கள்.

பாரிஸ் சாந்தில் (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) செய்த சுரூபத்தின் கழுத்து உடைந்தால் வெள்ளைப் பசையே போதும். இரண்டு பக்கமும் தடவி ரப்பர் பேண்டால் கட்டி ஒரு நாள் விடுங்கள். விரல், கொம்பு போனால் எம்-சீல் உருட்டி வையுங்கள். பாதத்தில் பெயின்ட் உதிர்கிறது என்றால் பக்கத்து ராகித் தட்டின் ஈரத்தைச் சாந்து உறிஞ்சுகிறது. அடியில் ஓர் ஓட்டுச்சில்லோ டைல்ஸ் துண்டோ வையுங்கள். சூசையப்பரே தொலைந்துவிட்டாலும் கவலை வேண்டாம். புனித பிரான்சிஸ் அசிசியார் 1223-இல் இத்தாலியின் கிரெச்சோவில் அமைத்த குடிலில் தீவனத் தொட்டியும் வைக்கோலும் உயிருள்ள மாடும் கழுதையும்தான் இருந்தன.

வைக்கோலிலிருந்து பூச்சி வருகிறது, பூனை வந்து படுக்கிறது

வைக்கோலை ஒரு நாள் முழு வெயிலில் உதறிக் காயவைத்த பிறகே உள்ளே கொண்டுவாருங்கள். கூரைக்கு நெல் வைக்கோல்தான் வளையும், நிறமும் நிற்கும். ராகித் தாள் ஈரம் பட்டால் கறுத்துவிடும், அதைத் தரைக்குப் போடலாம். குடிலுக்குள் மெழுகுவர்த்தி கூடவே கூடாது. வைக்கோல், காகிதம், பஞ்சு மூன்றும் ஒரே இடத்தில் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

பூனைக்கு ஆரஞ்சுத் தோலின் வாசனை பிடிக்காது. நாலு துண்டைப் பாறைக்குப் பின்னால் செருகுங்கள். காய்ந்ததும் மாற்றவேண்டும்.

மரம் சாய்கிறது, ஊசி கொட்டுகிறது, பார்க்க ஒல்லியாக இருக்கிறது

சவுக்குக் கிளை வெட்டிவைக்கிற வீடுகளில் பெரும்பாலும் 20-ஆம் தேதிக்குள் கொட்ட ஆரம்பித்துவிடும். முன்கூட்டியே வெட்டுவதுதான் காரணம். 22-ஆம் தேதிக்கு முன் வெட்டாதீர்கள். அடியைச் சாய்வாகப் புதிதாய் ஒரு அங்குலம் சீவி, வாளியில் ஜல்லி போட்டு நிறுத்தி, ஈரமணலால் நிரப்பி, தினமும் ஒரு சொம்புத் தண்ணீர் விடுங்கள். ஃபேனுக்கு நேர் கீழே வைக்காதீர்கள். சாய்வதும் வாளியில் ஜல்லி போட்டால் நிற்கும். வெறும் மணல் தாங்காது.

பிளாஸ்டிக் மரம் ஒல்லியாகத் தெரிந்தால் கிளைகளைப் பிரிக்கவில்லை என்று அர்த்தம். பெட்டியிலிருந்து எடுத்தவுடன் எல்லாக் குச்சியும் தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கிளையிலும் ஒரு குச்சியை மேலே, ஒன்றை இடது, ஒன்றை வலது என்று பிரித்துவிடுங்கள். விளக்கை வெளிச்சுற்றில் மட்டும் சுற்றாமல் தண்டு வரை உள்ளே கொண்டுபோய் வெளியே கொண்டுவாருங்கள். ஓசூர் நர்சரிகளில் தொட்டியில் விற்கிற, கிறிஸ்துமஸ் மரம் போலவே இருக்கும் அரோகேரியாவைப் பற்றியும் கேட்பார்கள். நல்ல செடி. வெளிச்சமில்லாமல் வீட்டுக்குள் ரொம்ப நாள் பூட்டிவைத்தால் கீழ்க்கிளை மஞ்சளாகும், விழுந்த கிளை மறுபடி முளைக்காது. பண்டிகை முடிந்ததும் வெளியே வைத்துவிடுங்கள்.

போன வருஷம் வாங்கிய பாயின்செட்டியா இந்த வருஷம் சிவக்கவில்லை

தெருவிளக்குதான் காரணம். மெக்சிகோவைச் சேர்ந்த இந்தச் செடிக்கு நீண்ட, தடையில்லாத இருட்டு வேண்டும். அக்டோபரிலிருந்து ஆறு முதல் எட்டு வாரத்துக்கு தினமும் ஏறக்குறைய 14 மணி நேரம் முழு இருட்டு கிடைத்தால்தான் மேல் இலைகள் சிவப்பாகும். வராந்தா விளக்கு நடுவில் கொஞ்ச நேரம் எரிந்தாலும் கணக்கு கெட்டுவிடும். சாயங்காலம் ஆறு மணிக்கு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, காலை எட்டு மணிக்கு எடுங்கள். டிசம்பரில் இதைப் படிக்கிறீர்கள் என்றால் இந்த வருஷத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது, புதிதாக ஒன்று வாங்குங்கள். இலையைக் கிள்ளினால் வரும் பால் தோலில் பட்டால் அரிக்கும்.

சுவரில் எதுவும் ஒட்டவில்லை, ஒட்டினால் பெயின்டோடு வருகிறது

சுண்ணாம்பு அடித்த சுவரில் செல்லோடேப் ஒட்டாது. அது சுவரில் ஒட்டுவதில்லை, மேலே இருக்கும் பொடியில் ஒட்டுகிறது. பெயின்ட் அடித்த சுவரில் ஒட்டும், ஆனால் உரிக்கும்போது பெயின்டையும் எடுத்துக்கொண்டு வரும். ஓசூரில் சிப்காட் வேலைக்காக வாடகைக்கு இருப்பவர்களுக்கு இது அட்வான்ஸ் பணத்தில் கைவைக்கிற விஷயம். சுவரை விட்டுவிடுங்கள். ஜன்னல் கம்பியிலிருந்து எதிர் ஜன்னல் கம்பிக்கு, கதவுக் கீலிலிருந்து ஃபேன் கொக்கிப் பக்கத்துக்கு என்று சணல் கயிறு இழுத்து, எல்லாவற்றையும் அதில் தொங்கவிடுங்கள். ஃபேன் றெக்கைக்கு எட்டாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். கிரேப் தாள் தோரணம் ஈரமான சுவரைத் தொட்டால் சாயம் இறங்கும், அந்தக் கறை வெள்ளையடித்தாலும் மேலே வரும்.

வேலை முடியவே மாட்டேன் என்கிறது, வீட்டில் யாரும் கைகொடுப்பதில்லை

பெங்களூரில் வேலை பார்க்கிற பிள்ளைகள் 24-ஆம் தேதி ராத்திரி கூட்டத்தில் நசுங்கி வந்து சேர்வார்கள். அதுவரை வீட்டில் இருப்பது வயதானவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும்தான். ஏணி ஏறுகிற வேலையை இவர்களிடம் எதிர்பார்த்து யாரும் வரவில்லை என்று கோபித்துக்கொண்டால் எப்படி? மெதுவாக ஆகிற வேலைகளை முதலில் வையுங்கள்: முதலில் ராகி, அடுத்து பாறை, அப்புறம் குடில் கூரை. இவை எல்லாம் உட்கார்ந்தே செய்யக்கூடியவை. சீரியல் செட்டை டிசம்பர் முதல் வாரமே தரையில் விரித்து எரியவிட்டுப் பார்த்துவிடுங்கள். கட்டுவது அப்புறம் இருக்கட்டும். காகிதமும் பூவும் கடைசி நாளுக்கு. ராயக்கோட்டை, காவேரிப்பட்டணம் பக்கத்துச் சாமந்தியோ ஓசூர் ரோஜாவோ, முன்னாலேயே வாங்கி வாடவிட வேண்டாம்.

பிள்ளைகள் எதை எங்கே வைப்பது என்று சண்டை போட்டால் ஆளுக்கொரு பிரதேசம் பிரித்துக் கொடுங்கள். "கண்ணு, மலை உன்னுது, ஆத்துப்பக்கம் பாப்பாவுது" என்று ஆயா ஒருவர் தீர்ப்புச் சொன்னால் மேல்முறையீடு இருக்காது. குழந்தை இயேசுவை யார் வைப்பது என்பது மட்டும் பூசைக்குப் போகும் முன்னாலேயே முடிவாகியிருக்க வேண்டும். நடுராத்திரி பூசை முடிந்து தூக்கக் கலக்கத்தில் அந்தப் பஞ்சாயத்து தாங்காது. சின்னவருக்கு இந்த வருஷம் குழந்தை இயேசு என்றால், பெரியவருக்கு மூன்று ராஜாக்களைக் கொடுங்கள். ஒட்டகங்களை வீட்டின் மறுகோடியில், டி.வி. மேல் தொடங்கி, தினமும் கொஞ்சம் நகர்த்தி, ஜனவரித் தொடக்கத்தில் வரும் மூன்று ராஜாக்கள் திருவிழாவன்று குடிலில் சேர்ப்பது அவர் பொறுப்பு. குடிலை வீட்டில் வைக்காத சபைகளைச் சேர்ந்தவர்கள் இதே பிரிவினையை மரத்திலும் நட்சத்திரத்திலும் செய்யலாம்.

அடுத்த வருஷம் எடுத்தால் எல்லாம் சிக்கலாக இருக்கிறது

கழற்றும்போது தலைகால் தெரியாமல் சாக்கில் திணிப்பதால் வருவது. சீரியல் செட்டைக் கையில் சுற்றாமல் அட்டைத் துண்டில் சுற்றி, பிளக் வெளியே தெரியும்படி முடியுங்கள். எது எரிகிறது, எது எரியவில்லை என்று அட்டையிலேயே பேனாவால் எழுதிவையுங்கள். ஈரத்தோடு மூட்டை கட்டாமல் ஒரு பகல் வெயில் காட்டுங்கள். சுரூபங்களைச் செய்தித்தாளில் தனித்தனியாகச் சுற்றி, ரசகற்பூரம் போட்ட தகரப் பெட்டியில் வையுங்கள், எலி எட்டாது. காகிதப் பாறையை மடிக்காதீர்கள். அப்படியே தூக்கிப் பரணில் வைத்தால் அடுத்த வருஷத்துக்கு இன்னும் நன்றாகப் பழசாகியிருக்கும். கொலு மாட்டைத் துடைத்துத் திருப்பிக் கொடுக்கும்போது வெறுங்கையோடு போகாதீர்கள், கேக் மிச்சம் இருக்கும். ராகிப் புல்லைத் தட்டோடு ஆட்டுக்கு வைக்கலாம், துத்தம் சேர்த்த காகிதம் எதுவும் அதில் ஒட்டியில்லை என்று பார்த்துவிட்டு.